காட்டைக் காக்கப் பணம்: பொதிகை அடிவாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப்பமண்டலக் காடுகளைக் காக்கும் மக்களுக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு பல நாடுகளில் நடக்கிறது. அம்பாசமுத்திரம், களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கத்து ஊர்களில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அந்தப் பணம் நமக்கும் வருமா, யார் கொடுப்பார்கள், கடைசியில் யார் கைக்குப் போகும் என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு நேரான பதில்களை இங்கே எழுதியிருக்கிறோம்.

காட்டைக் காக்க எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

காடு நிற்பதால் வரும் நன்மை ஒருவருக்குப் போகிறது, அதன் சுமை இன்னொருவர் தலையில் விழுகிறது. மலையில் ஊறும் தண்ணீர் ஸ்ரீவைகுண்டத்து வயலுக்கும் தூத்துக்குடித் தொழிற்சாலைக்கும் போய்ச் சேர்கிறது. மலையடியில் வாழை போட்டவரோ காட்டுப்பன்றிக்காக ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறார். அங்கே விறகு எடுக்க முடியாது, ஆடுமாடு விட முடியாது. கரடியும் சிறுத்தையும் ஊருக்குள் வந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நன்மை பெறுகிறவர்கள் அதில் ஒரு பங்கைச் சுமை தாங்குகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. சூழல் சேவைக் கட்டணம் என்று இதைச் சொல்கிறார்கள்.

இது மானியத்திலிருந்து வேறுபடுவது ஒரு நிபந்தனையால்தான். ஒப்புக்கொண்டபடி காடு நிற்கிறதா என்று பார்த்துத்தான் பணம் வரும்.

பருவநிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மரத்திலும் மண்ணிலும் கார்பன் சேர்ந்திருக்கிறது. காட்டை அழித்தால், எரித்தால் அது கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. உலகில் மனிதர்களால் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காடழிப்பால் வருவது. அதில் பெரும்பகுதி வெப்பமண்டலக் காடுகளிலிருந்து வருகிறது.

ரெட் பிளஸ் என்கிறார்களே, அது என்ன?

காடழிப்பைக் குறைக்கும் நாடுகளுக்குப் பலனைப் பார்த்துப் பணம் கொடுக்கும் ஐ.நா. ஏற்பாடு. 2005இல் பப்புவா நியூகினியும் கோஸ்டாரிகாவும் இந்தக் கோரிக்கையை முன்வைத்தன. 2007இல் பாலி மாநாட்டில் அது பேச்சுவார்த்தைக்குள் வந்தது. பூர்வகுடிகளின் உரிமையைப் பாதிக்கக் கூடாது என்ற காப்புவிதிகள் 2010இல் கான்கூனில் சேர்ந்தன. விதிமுறைகள் 2013இல் வார்சாவில் முழுமை பெற்றன. இந்தியா தன் தேசிய ரெட் பிளஸ் வியூகத்தை 2018இல் வெளியிட்டது.

மேகாலயத்தின் காசி மலையில் பல ஊர்கள் சேர்ந்து இப்படி ஒரு திட்டத்தை நடத்தி வருகின்றன. அங்கே காடு பெரும்பாலும் ஊர்களின் பாரம்பரியச் சபைகளின் கையில் இருக்கிறது. நம் மலையில் அப்படி இல்லை. இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைக் கீழே பார்ப்போம்.

பணம் கொடுத்தால் காடு உண்மையிலேயே பிழைக்கிறதா?

ஒழுங்காகச் செய்த இடத்தில் பிழைத்திருக்கிறது. உகாண்டாவின் மேற்குப் பகுதியில் 121 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் 60 கிராமங்களில் மட்டும், தன் காட்டை வெட்டாத உரிமையாளருக்கு எக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 28 டாலர் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பணம் கிடைத்த கிராமங்களில் மரப்பரப்பு 4.2 விழுக்காடு குறைந்தது, கிடைக்காத கிராமங்களில் 9.1 விழுக்காடு குறைந்தது. அழிவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இந்த முடிவு 2017இல் வெளியானது. ஏழை விவசாயிக்கு நேரடியாகக் கொடுத்த சிறு தொகை இவ்வளவு செய்திருக்கிறது என்பதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோஸ்டாரிகா 1996இல் வனச் சட்டம் கொண்டுவந்து, மறு ஆண்டிலிருந்து நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து வருகிறது. அதற்கான நிதியில் பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. யாரோ தரும் நன்கொடையை நம்பாமல் சொந்த வரியில் நிற்பதால்தான் அது இத்தனை காலம் நீடிக்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. கார்பன் வரவுச்சீட்டு (காட்டைக் காத்து இவ்வளவு கரியமில வாயுவைத் தடுத்தோம் என்று கம்பெனிகளுக்கு விற்கும் சீட்டு) விற்கும் 26 காட்டுத் திட்டங்களை 6 நாடுகளில் ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைக் கணிசமாகக் குறைக்கவில்லை என்று கண்டது. திட்டம் இல்லாவிட்டால் இவ்வளவு காடு அழிந்திருக்கும் என்று மிகையாகக் காட்டி, அந்த மிகைக்குச் சீட்டு விற்றிருந்தார்கள். அந்தச் சீட்டை வாங்கிய கம்பெனி தன் புகையைக் குறைக்காமலே குறைத்ததாகக் கணக்குக் காட்டிவிடும். அந்த வழியில் நம் ஊர்கள் போகக் கூடாது.

அப்படியானால் நம் மலைக்குக் கார்பன் பணம் வராதா?

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். காரணம் இதுதான்: அழியப் போகிற காட்டை நிறுத்தினால்தான் கார்பன் சந்தையில் மதிப்பு. நம்முடைய காடு ஏற்கெனவே காவலில் இருக்கிறது. முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்கள் ஆயின. இரண்டும் சேர்ந்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகமும் வந்தது. எனவே 'நீங்கள் பணம் தராவிட்டால் இது அழிந்துவிடும்' என்று இங்கிருந்து யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

பணம் இல்லாவிட்டால் எவ்வளவு அழிந்திருக்கும் என்ற கணக்குப் பார்க்காமல், நிற்கும் காட்டுக்கு எக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 4 டாலர், அதில் குறைந்தது 20 விழுக்காடு பூர்வகுடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் என்ற திட்டத்தைப் பிரேசில் முன்னெடுத்து, 2025 நவம்பரில் பெலேமில் தொடங்கிவைத்தது. நம் காப்பகத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதன் மையப் பகுதியின் பரப்பு 895 சதுர கிலோமீட்டர், அதாவது 89,500 எக்டேர். முழுவதும் அடர்காடு என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 3,58,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்றால் ஏறக்குறைய 3 கோடி ரூபாய். மக்கள் பங்கு 60 லட்சம். ஒரு காப்பகத்தைச் சுற்றியுள்ள அத்தனை ஊர்களுக்கும் இதைப் பிரித்தால் வீட்டுக்கு என்ன தேறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த 4 டாலர் கணக்கை மறந்துவிடாதீர்கள், அடுத்த பதிலில் அது திரும்ப வரும்.

பிறகு யார்தான் கொடுக்க வேண்டும்?

தண்ணீர் குடிக்கிறவர்கள். எங்கள் கருத்தில் நெல்லைச் சீமைக்கு இதைவிட நியாயமான வழி வேறு இல்லை.

தாமிரபரணியும் அதன் துணையாறுகளான சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, கடனாநதி எல்லாமும் இந்த மலைத்தொடரில் பிறக்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மலையில் இறங்குவதால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம். கோடைமேலழகியான் அணைக்கட்டில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள், ஏறத்தாழ 86,000 ஏக்கர் பாசனம். பாபநாசத்தில் மின்சாரமும் எடுக்கிறார்கள். இரண்டு மாநகராட்சிகளுக்கும் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் சிலவற்றுக்கும் குடிநீரும் இதுதான்.

காடு என்ன செய்கிறது? மழையை உண்டாக்குகிறது என்று சொல்வது எளிது, அது முழுக் கணக்கு இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: காட்டு மண் மழையை உள்ளே விட்டுப் பிடித்துவைத்து, மழை நின்ற பிறகும் மெதுவாக ஓடைகளுக்குக் கொடுக்கிறது. சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதால் அணையில் வண்டல் சேர்வது குறைகிறது. வெள்ளத்தையே காடு நிறுத்திவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி மழைக்கு எந்தக் காடும் ஈடுகொடுக்க முடியாது. சித்திரை, வைகாசியில் ஓடையில் கொஞ்சமாவது நீர் நடக்கிறதா என்பதில்தான் காட்டின் அருமை தெரியும்.

இப்போது பணத்துக்கு வருவோம். தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நீர் கொண்டுபோகும் 20 எம்.ஜி.டி. திட்டம் நாளொன்றுக்கு 2 கோடி காலன் என்ற அளவில் வகுக்கப்பட்டது. லிட்டரில் 9 கோடிக்கும் மேல். அது முழு அளவில் ஓடும் நாளில் ஆயிரம் லிட்டருக்கு ஒரே ஒரு ரூபாய் காட்டுப் பங்காக எடுத்தால் நாளுக்கு 90,000 ரூபாய், ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேல். உலக நாடுகள் சேர்ந்து காப்பகத்தின் மையப் பகுதி முழுவதற்கும் தரக்கூடிய அந்த 4 டாலர் கணக்கும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். பெலேமுக்குப் போக வேண்டியதில்லை, ஸ்ரீவைகுண்டமே போதும்.

விவசாயியிடம் இதைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கடைமடையில் பிசானத்துக்கே தண்ணீர் வந்து சேருமா என்று காத்திருப்பவர் அவர். தொழிற்சாலையும் மின் உற்பத்தியும் பெரிய நகரங்களும் முதலில் கொடுக்கட்டும்.

தண்ணீருக்காக மலை ஊருக்குப் பணம் கொடுத்த இடம் எங்காவது உண்டா?

இமாசலப் பிரதேசத்தில் பாலம்பூர் நகராட்சி 2010இல் தன் ஊற்று இருக்கும் மலையடிக் கிராமங்களோடு ஒப்பந்தம் போட்டது. காட்டையும் ஊற்றையும் காப்பதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். தொகை மிகச் சிறியதுதான். ஆனாலும் கீழே உள்ள நகரம் மேலே உள்ள ஊருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். நியூயார்க் நகரம் 1997இல் கேட்ஸ்கில் மலை ஊர்களோடு செய்த உடன்பாடு இதைவிடப் பன்மடங்கு பெரியது. பல நூறு கோடி டாலரில் சுத்திகரிப்பு ஆலை கட்டுவதைவிட மலையைக் காப்பது மலிவு என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

அரசு ஏற்கெனவே ஒன்றும் கொடுக்கவில்லையா?

கொடுக்கிறது, பலருக்குத் தெரியாது. மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது காட்டுப் பரப்பையும் ஒரு அளவுகோலாக 14ஆம் நிதிக்குழு சேர்த்தது. 2015 முதல் அதற்கு 7.5 விழுக்காடு எடை, 15ஆம் நிதிக்குழுவில் அது 10 விழுக்காடாக உயர்ந்தது. காட்டை வைத்திருப்பதற்காக மாநிலங்களுக்குப் போகும் மிகப் பெரிய தொகை இது. மாநிலக் கருவூலத்தில் பொதுப்பணத்தோடு கலந்துவிடுவதால் மலைக்குள் இருக்கும் மயிலாறு குடியிருப்புக்கு என்று ஒரு ரூபாயும் அதில் பிரித்து வருவதில்லை.

காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர்கள் கட்டும் ஈட்டுத்தொகையும் இருக்கிறது. 2016 சட்டப்படி அதில் 90 விழுக்காடு மாநில நிதிக்கு வருகிறது. பெரும்பாலும் மரம் நடவும் வனத்துறைப் பணிகளுக்கும் அது செலவாகிறது.

முன்பு கிராம வனக்குழு வழியாகக் கடன் கொடுத்தார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்றல்ல. 1990களின் நடுவில் உலக வங்கி நிதியோடு நம் காப்பகத்தைச் சுற்றி நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தைத்தான் கேட்கிறீர்கள். மலைக்குப் போய்த் தலைச்சுமை விறகு எடுத்து விற்றுப் பிழைத்தவர்களுக்கு மாடு வாங்க, கடை வைக்க, தையல் மெஷின் வாங்க என்று கிராம வனக்குழு வழியாகக் கடன் கிடைத்தது. சாண எரிவாயுவும் விறகு மிச்சப்படுத்தும் அடுப்பும் வந்தன. பெண்கள் பெரும் எண்ணிக்கையில் குழுவில் இருந்தார்கள். விறகுக்குப் போவது நன்றாகவே குறைந்தது. விறகுச் சுமையோடு மலை இறங்கிய ஒரு தலைமுறைப் பெண்களின் முதுகுக்கும் கழுத்துக்கும் அந்தத் திட்டம் செய்த நன்மையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

குறை எங்கே என்றால், அது ஒரு திட்டம், அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. கொடுத்தது கடன், அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். காடு நின்றுகொண்டே இருக்கிறது, அதற்கான பங்கும் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை.

பணம் காணி மக்களுக்கா, அடிவாரத்து ஊர்களுக்கா?

இரண்டு பேருக்கும், ஒரே கணக்கில் அல்ல. இஞ்சிக்குழி, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, அகத்தியர் காணிக் குடியிருப்பு ஆகிய இடங்களில் இருக்கும் காணி மக்கள் காட்டுக்குள்ளேயே வாழ்கிறவர்கள். காப்பகம் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். தேன், கிழங்கு, மிளகு, வேட்டைத் தடுப்புக் காவல் வேலை என்று அவர்கள் பிழைப்பு மலையோடுதான். அவர்களுக்கு வருவது உரிமைப் பங்கு. சிவந்திபுரம், சிங்கம்பட்டி, களக்காடு பக்கத்து ஊர்களுக்கு வருவது சுமைக்கான ஈடு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் ஆள் எண்ணிக்கை குறைந்த காணி மக்கள் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள்.

காவலர் வேலைக்குத் தரும் தினக்கூலியைக் காட்டி 'பணம் கொடுத்தாயிற்று' என்று சொல்வதையும் ஏற்க முடியாது. கூலி என்பது செய்த வேலைக்கு.

காணி மக்களுக்குப் பங்கு கொடுத்த ஏற்பாடு முன்பு எங்காவது நடந்ததா?

அகத்திய மலையின் மறுசரிவில், கேரளத்தில் நடந்தது. 1987இல் திருவனந்தபுரத்துப் பக்கம் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள், வழிகாட்ட வந்த காணி மக்கள் ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணி மக்களுக்கு. அதை வாங்க 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுக்க இதை முன்மாதிரியாகப் பேசினார்கள்.

நமக்கு அதில் பாடம் நிறைய. எல்லாக் குடியிருப்புகளையும் கேட்காமல் செய்தார்கள் என்ற மனக்குறை எழுந்தது. அறக்கட்டளை ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் வந்தது, முன்பே வந்திருக்க வேண்டும். செடியைக் காட்டிலிருந்து எடுக்க வனத்துறை அனுமதி சிக்கலானதால் வரவு சுருங்கியது. பங்கு உண்டு என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அந்தப் பங்கு முளைக்கும் நிலத்தின் மேல் உரிமை கொடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

வன உரிமைச் சட்டம் இதில் எங்கே வருகிறது?

முதல் படியாகவே வருகிறது. 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கும் பாரம்பரியமாகக் காட்டில் வாழும் மற்றவர்களுக்கும் வீட்டு நிலம், சாகுபடி நிலம், தேன், நெல்லிக்காய் போன்ற சிறு வனப்பொருள் ஆகியவற்றில் உரிமை கொடுக்கிறது. சமூகக் காட்டு வளத்தை, அதாவது ஊர் வழிவழியாகப் பயன்படுத்தி வரும் பொதுக் காட்டை, காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை கொடுப்பதுதான் பலர் கவனிக்காத பகுதி. புலிகள் காப்பகத்துக்குள்ளும் இந்தச் சட்டம் செல்லும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற ஊர் 2009இல் ஏறத்தாழ 1,800 எக்டேர் காட்டுக்கு இந்த உரிமையைப் பெற்றது. 2011இல் தன் மூங்கிலைத் தானே அனுமதிச் சீட்டுக் கொடுத்து விற்றது. பணம் கிராம சபை கணக்குக்கு வந்தது. நம் மலையில் மூங்கில் வெட்டச் சொல்லவில்லை. உரிமைப் பட்டா கையில் இருந்தால்தான் நாளை நீர்ப்பங்கோ கார்பன் பணமோ வரும்போது அதைக் கேட்டு வாங்க ஓர் ஆள் இருப்பார் என்கிறோம்.

மாஞ்சோலை மக்களுக்கு இதில் இடம் உண்டா?

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,374 ஏக்கரில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்கள் அவர்கள். 2024இல் அவர்களுக்கு வேலை முடிந்தது. அந்த நிலம் இனி காடாகத் திரும்ப வேண்டும். அதற்குப் பல ஆண்டு உழைப்பு வேண்டும், அந்த மலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர்கள் வேண்டும். விருப்பப்படுகிறவர்களுக்கு அந்த மீட்புப் பணியில் நிரந்தர வேலை தருவது நியாயம் என்று நினைக்கிறோம்.

பயிர் நாசத்துக்குக் கிடைக்கும் இழப்பீடும் இதில் சேருமா?

சேராது. அது போனதற்கு ஈடு, வேகமாகவும் முழுமையாகவும் தனியே வர வேண்டும். அதைக் கழித்துக்கொண்டு பங்கு தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணம் வந்தால் மக்களுக்குத் தானாக இருக்கும் அக்கறை போய்விடாதா?

இது நல்ல கேள்வி, லேசில் ஒதுக்கக் கூடாது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தைப் பாருங்கள். வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டும் பறவையைத் தொந்தரவு செய்யாமல், தீபாவளிக்கு வெடி போடாமல் அந்த ஊர் காத்துவந்திருக்கிறது. 1994இல் சரணாலயம் ஆவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். யாரும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது, பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

அந்த மாதிரி ஊரில் போய்த் தலைக்கு இவ்வளவு என்று பணம் நீட்டினால் இருப்பதும் கெடும். அங்கே ஊர்ப் பொதுவுக்குச் செய்யுங்கள்: குளத்துக்கரை, பள்ளிக்கூடம், மருத்துவம். மலையடியில் நிலைமை வேறு. அங்கே தினமும் இழப்பு இருக்கிறது, அதனால் வீட்டுக்கு வரும் பங்கும் வேண்டும். எதை வீட்டுக்கு, எதைப் பொதுவுக்கு என்பதை ஊரே கூடிப் பேசி முடிவு செய்வதுதான் சரி.

யாராவது வந்து கார்பன் ஒப்பந்தம் என்று கையெழுத்துக் கேட்டால்?

அன்றே போடாதீர்கள். தமிழில் முழு ஒப்பந்தமும் கையில் வேண்டும். எத்தனை ஆண்டு என்று பாருங்கள், இவை முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஓடும். விற்கும் விலை என்ன, அதில் ஊருக்கு எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். 'செலவு போக மிச்சத்தில்' என்று எழுதியிருந்தால் அந்தச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். காட்டுத்தீயோ புயலோ வந்து மரம் போனால் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். தேன் எடுப்பது, கோயிலுக்குப் போவது, சுள்ளி பொறுக்குவது போன்ற இப்போதைய பழக்கங்களில் எது நிற்கும் என்று வரிவரியாகக் கேளுங்கள். தனி ஆளிடம் கையெழுத்து வாங்க முயன்றால் கிராம சபைக்கு வரச் சொல்லுங்கள்.

நாங்கள் இப்போது என்ன செய்யலாம்?

காணிக் குடியிருப்புகளில் வன உரிமைக் குழு இருக்கிறதா, சமூகக் காட்டு வளத்துக்கான 'சி' படிவம் கொடுத்தாயிற்றா என்று முதலில் பாருங்கள். குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். மனு உட்கோட்டக் குழு வழியாக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள்.

அடிவாரத்து ஊராட்சிகளில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை இதற்கு ஏற்ற நாள். தாமிரபரணி நீரை எடுக்கும் தொழிற்சாலைகளும் மாநகராட்சிகளும் ஆயிரம் லிட்டருக்கு ஒரு ரூபாய் நீர்ப்பிடிப்புக் காட்டுப் பங்காகச் செலுத்த வேண்டும், அது நேராகக் கிராம சபைகளின் கணக்குக்கு வர வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் காட்டின் நிலையைப் பார்த்து வர வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். ஆற்றின் கீழே இருக்கும் ஊராட்சிகளிடமும் அதே தீர்மானத்தைக் கேளுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதும் நகல் ஒன்றை ஆட்சியர் அலுவலகத்திலும், ஒன்றைக் காப்பகத் துணை இயக்குநர் அலுவலகத்திலும், ஒன்றை நீர்வளத் துறையிலும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.